இரண்டாவது ஆசனம்

ஒரு கலையை அறிந்திருத்தல் ஒன்று. அது கைவரப் பெற்றிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் எத்துணையது என்பதை நூல்கள் சொல்வதில்லை. தமிழாசிரியராகிய எமக்கு அதனைத் தெளிவாகக் காட்டியது பழைய விமானம் ஒன்றின் வரலாறாகும். விமானத்திற்கும் தமிழாசிரியருக்கும் யாது தொடர்பு என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும் வகுப்பறையிலே சில ஆண்டுகளேனும் நின்றவர் எவரும் இதிலே தம்முடைய தொழிலைக் காண்பர் என்பது எமது துணிபு.

1923ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள சௌதர் விமானத்தளத்திற்கு இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். முதலாம் உலகப் போரிலே விமானிகளைப் பயிற்றுதற்கெனக் கட்டப்பெற்ற கேர்ட்டிஸ் 'ஜெனி' விமானங்கள், போர் முடிந்தபின் மலிவாக விற்கப்பட்டு வந்தன. இளைஞர் 500 டொலர் கொடுத்து அவற்றுள் ஒன்றை வாங்கினார். 90 குதிரைவலுவுடைய எஞ்சின். துணி போர்த்த ஈரடுக்கு இறக்கைகள். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு ஆசனங்கள். எந்த ஆசனத்தில் இருப்பவரும் விமானத்தை இயக்கத்தக்க ஏற்பாடு அதில் இருந்தது. இளைஞரின் பெயர் சார்ள்ஸ் லிண்ட்பேர்க். நான்கு ஆண்டுகளின் பின் உலகெங்கும் ஒலித்த அப்பெயரை அன்று அத்தளத்தில் அறிந்தார் எவரும் இலர்.

விமானத்தை வாங்கினாரேயன்றி, அதுகாறும் அவர் ஒருமுறையேனும் தனியே பறந்தாரல்லர். முந்திய ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலே ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் பயிற்சி பெற்றிருந்தார். தனியே பறப்பதாயின் விமானத்திற்கு நேரக்கூடிய சேதத்துக்கு ஈடு கட்டுதல் வேண்டும் என்றனர். அதற்கு அவரிடம் பணம் இல்லை. பின்னர், பறக்கும் விமானத்தின் இறக்கைமேல் நடந்தும், பரசூட்டிற் குதித்தும் வித்தை காட்டினார். வானம் அவருக்குப் பழகிய இடமே. பழகாதது நிலம்.

அதன் காரணத்தை அறிய விமானத்தின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். இக்காலத்துச் சிறு விமானங்களிற் பெரும்பாலானவற்றுக்கு மூக்கின்கீழ் ஒரு சில்லும், அதற்குப் பின்னே இரு சில்லுகளும் உள்ளன. பழைய விமானங்களுக்கோ முன்னே இரண்டு பெரிய சில்லுகளும், வாலின்கீழ் ஒரு கட்டையோ சிறு சில்லோ இருக்கும். புல்வெளிகளிலும் வயல்களிலும் இறங்கிய காலத்துக்கு அதுவே ஏற்ற அமைப்பு. மூக்கு நிமிர்ந்து நிற்பதால் விசிறி நிலத்திற் படாது. ஜெனிக்குப் பிறேக் இல்லை. வாற்கட்டை நிலத்தில் உராய்வதே அதன் ஓட்டத்தைத் தணிக்கும்.

ஆயினும் இந்நன்மைக்கு விலை உண்டு. நிலத்திலே மூக்கு வானை நோக்கியிருத்தலின், விமானி தன் நேர்முன்னே உள்ளதைக் காண இயலாது. இருபக்கமும் எட்டிப் பார்த்தே வழியறிதல் வேண்டும். இதனினும் பெரிய இடர் ஒன்று உளது. விமானத்தின் பாரமையம் முன்சில்லுகளுக்குப் பின்னே அமைந்துள்ளது. மாட்டுவண்டியை முன்னோக்கி இழுத்தால் நேரே வரும். அதனையே நுகத்திற் பிடித்துப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தவர்கள், அது எவ்வாறு ஒருபுறம் திரும்பி ஓட முற்படும் என்பதை அறிவர். வாற்சில்லு விமானமும் தரையில் ஓடுங்கால் அத்தகையதே. வால் சிறிது விலகினும், பின்னேயுள்ள பாரம் அவ்விலகலைப் பெருக்கும். தடுக்காவிடில் விமானம் தன்னைத்தானே சுற்றிச் சுழன்று, இறக்கை நிலத்தில் மோதும். இதனை விமானிகள் 'கிரவுண்ட் லூப்' என்பர். விலகலை நன்கு கண்டபின் திருத்த முயன்றால் காலம் கடந்துவிடும். கால்களிரண்டும் சுக்கான் மிதிகளில் ஓயாது அசைந்து, விலகல் அரும்பும்போதே அதனைத் தடுத்தல் வேண்டும். இதனைச் சொல்லிக் கொடுக்கலாம்; ஆனால் கால்கள் தாமே கற்றாலன்றிப் பயனில்லை.

லிண்ட்பேர்க் தம் விமானத்தைத் தளத்தின் ஒரு கோடிக்குக் கொண்டு சென்று விசையைக் கூட்டினார். அஃது ஏறக்குறைய நான்கு அடி உயர்ந்தது. உடனே வலப்புற இறக்கை சாயத் தொடங்கியது. அவர் அவசரமாக இறங்க, ஒரு சில்லும் இறக்கையின் நுனிக்குக் காவலாயிருந்த கட்டையும் நிலத்திற் பட்டன. நல்வாய்ப்பாகச் சேதம் நேரவில்லை. காற்று அடங்கட்டும் என்று அவர் கொட்டகைக்குத் திரும்பினார்.

அடுத்த கொட்டகையிலே, தாம் வாங்கிய விமானத்துக்காகக் காத்து நின்ற வேறொரு விமானி இதனைக் கண்டார். அவர் நகைத்தாரல்லர், கடிந்தாருமல்லர். தாம் உடன் வருவதாகச் சொல்லி மற்றைய ஆசனத்தில் ஏறிக்கொண்டார். அரைமணி நேரம் இருவரும் பறந்து, பல முறை இறங்கிப் பழகினர். முடிவில் அவர், "உமக்கு இடர் ஒன்றும் இராது; சிலகாலம் பறவாமையாற் கை சற்றே துருவேறியிருக்கின்றது. மாலையிற் காற்று அடங்கியதும் தனியே எழும்பும்" என்னும் கருத்துப்படக் கூறி இறங்கிச் சென்றார். அன்று மாலை லிண்ட்பேர்க் முதன்முறையாகத் தனியே வானில் ஏறினார். பின்னர் மிசிசிப்பியிலே ஒரு வயலில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் வீழ்ந்து விசிறி முறிந்தது. அரைமணி நேரம் எவரையும் வல்லுநராக்கி விடாது. எனினும் அது தொடங்கி வைத்தது.

அக்காலத்து அமெரிக்காவில் விமானிக்கு உரிமம் வேண்டும் என்ற நாடளாவிய சட்டம் இல்லை; அது 1926ஆம் ஆண்டிலே பிறந்தது. இன்றோ, மூக்குச்சில்லு விமானத்திற் பல நூறு மணித்தியாலம் பறந்த உரிமம் உடையவரும், புதிதாக ஒரு வாற்சில்லு விமானத்தை வாங்கினால், அதனைத் தம் பொறுப்பிற் செலுத்துமுன் பயிற்றுநர் ஒருவரிடம் மீண்டும் மாணவராதல் வேண்டும். ஏறுதல், இறங்குதல், பக்கக்காற்றைச் சமாளித்தல் ஆகியவற்றில் அவர் தேர்ந்தார் என்று பயிற்றுநர் பறப்பேட்டிற் கையொப்பம் இடுவார். 1991ஆம் ஆண்டின் பின் இக்கலைக்கு வந்தோர்க்கெல்லாம் அங்கே இதுவே விதி. இத்தனை மணித்தியாலம் என்று அவ்விதி வரையறுக்கவில்லை. பயிற்றுநர் மனம் நிறைவதே அளவு. எப்போது இறங்கிப் போவது என்று தீர்மானித்தல் அவர் கடன்.

இவ்விடத்திலேதான் எமது தொழில் எமக்கு நினைவு வருகின்றது. ஆசிரிய கலாசாலையில் உளவியலும் கற்பித்தல் முறைகளும் பயின்றபின், கற்பித்தற் பயிற்சிக்காக ஒரு பாடசாலைக்கு நாம் அனுப்பப்பட்டோம். பாடக்குறிப்புக் கையில் இருந்தது. நாற்பது பிள்ளைகள் எதிரே இருந்தனர். அவ்வகுப்பிற்குரிய ஆசிரியர் பின்வாங்கில் அமர்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. சலசலப்பு எழுந்தபோது ஒருமுறை எழுந்து யன்னலருகே நின்றார், அவ்வளவே. மூன்றாம் நாள் பின்வாங்கு வெறுமையாயிருந்தது. அவர் வேண்டுமென்றே வாராதிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் எமக்குச் செய்த உதவிகளுட் பெரியது அது.

இன்றைய வகுப்பறைகளிலே இவ்வுதவி அருகி வருகின்றது. கட்டுரையை ஆசிரியரே எழுதிக் கொடுக்கின்றார். மாணவர் மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் இறக்கி வைக்கின்றனர். புள்ளிகள் கிடைக்கின்றன. மாணவரோ ஒரு நாளேனும் தனியே எழும்பவில்லை. ஆசனத்தில் ஏறாத ஆசிரியராலும் கேடு உண்டு. ஏறியபின் இறங்காத ஆசிரியராலும் கேடு உண்டு. பின்னையது அன்பின் வடிவில் வருதலின் எளிதிற் புலப்படுவதில்லை.

1927ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் லிண்ட்பேர்க் நியூயோர்க்கிலிருந்து தனியே புறப்பட்டு, 33 மணித்தியாலத்துக்கு மேலாக இடைவிடாது பறந்து, மறுநாள் இரவு பாரிசில் இறங்கினார். அவ்விமானத்துக்கும் வாலின்கீழ்க் கட்டையே இருந்தது. எரிபொருட் கலம் குறுக்கே இருந்தமையால் நேர்முன்னே நோக்கக் கண்ணாடியும் இல்லை. அவ்வாண்டே வெளிவந்த அவரது நூலின் பெயர் 'நாம்' என்பதாகும். தம்மையும் தம் விமானத்தையுமே அவர் அவ்வாறு சுட்டினார் என்று படித்தோர் பலர் கொண்டனர். எமக்கோ, அந்த 'நாம்' என்பதனுள் சௌதர் தளத்து அரைமணி நேர ஆசிரியருக்கும் ஓர் இடம் உண்டு என்றே தோன்றுகின்றது.

எமது கல்லூரியின் விழா மலரிலே பெரும் பதவிகளை எய்திய பழைய மாணவர் பலரின் பெயர்கள் இடம்பெறும், அது தக்கதே. அவர்கள் ஒவ்வொருவருக்கும் உரிய வேளையில் உடன் ஏறி, உரிய வேளையில் இறங்கிப் போன ஒருவர் இங்கே இருந்திருப்பார். பழைய மாணவர்கள் அவரை நினைந்து பார்ப்பார்களாக. இன்று கற்பிக்கும் நாமும், எந்த மாணவர் மாலைக் காற்றுக்குக் காத்திருக்கின்றார் என்பதை அறியும் கண் பெறுவோமாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!