எட்டயபுரத்தில் ஒரு பகல்

கோவில்பட்டியில் ரயிலை விட்டிறங்கி, கடலை மிட்டாய்ப் பொட்டலமும் கட்டுச் சோறுமாக நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். சாலையின் இருபுறமும் கரிசல் மண். சிறிது நேரத்துக்கெல்லாம் எட்டயபுரம் வந்துவிட்டது.

1882-ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த இல்லத்தைத் தரிசித்துவிட்டு மணிமண்டபத்துக்குச் சென்றோம். 1945-இல் ராஜாஜி அஸ்திவாரக் கல் நாட்ட, நாடு விடுதலை பெற்ற 1947-இல் திறக்கப்பட்ட மண்டபம் இது. ஆசிரியர் கல்கியின் வேண்டுகோளை ஏற்றுப் பொது ஜனங்கள் அளித்த நிதியால் எழுந்தது. அப்போது பத்து வயதுச் சிறுமியாயிருந்த என் தாயாரும் உண்டியலை உடைத்து ஒரு ரூபாய் அனுப்பினாராம். மண்டபத்தைக் காணும் பாக்கியம் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகே வாய்த்தது. அதற்குள் கண் பார்வையோ மங்கிவிட்டது!

சுவரை மெல்லத் தடவி, "என் ரூபாய் எந்தக் கல்லில் இருக்கிறதோ?" என்று சிரித்தார் அம்மா.

மர நிழலில் அமர்ந்து புளியோதரை உண்டோம். பிறகு என் மகள் பாரதியார் கவிதைகளைப் பிரித்தாள். ஆங்கிலப் பள்ளியில் படிப்பவள். வரிக்கு வரி தடுமாறினாள். அவள் தடுமாறிய சொல்லையெல்லாம் புத்தகமின்றியே எடுத்துக் கொடுத்தார் அம்மா.

"பாட்டி, இன்னும் ஒன்று படிக்கட்டுமா?" என்றாள் குழந்தை.

அந்த ஒரு ரூபாய்க்கு அன்றுதான் வட்டி கிடைத்தது!