இடக்கரடக்கலும் ஒரு வீக்கமும்

அவையில் சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லால் உணர்த்துவதை இடக்கரடக்கல் என்கிறது நம் இலக்கணம். ‘கால் கழுவி வந்தேன்’ என்று எடுத்துக்காட்டி ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அந்த நாகரிகம் ஒரு மனிதரை எவ்வளவு வருத்தக்கூடும் என்பதைப் பெரியப்பாவிடம் கண்டேன்.

இராஜபாளையத்து நூற்பாலையொன்றில் 30 ஆண்டுகள் உழைத்தவர் அவர். வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் கண்டது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்றார்கள். எங்கள் வீட்டில் அச்சொல்லை எவரும் உச்சரிப்பதில்லை, ‘அந்தக் கட்டி’தான். மதுரையில் அதைச் சுரண்டி எடுத்தபின், வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்தைச் செலுத்தினர்.

நண்பர்கள் வியக்கலாம். குழந்தைகளுக்கு இடத்தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே கிருமிதான். கால்மெட், கெரென் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள், 230 முறை மறுவளர்ப்புச் செய்து வீரியம் குறைத்தனர். 1921இல் அது முதன்முதலாக மனிதர்க்கு அளிக்கப்பட்டது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அதைப் பயன்படுத்திய முடிவுகளைக் கனடாவின் மொராலஸ் 1976இல் வெளியிட்டார். உயிருள்ள அக்கிருமி உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்ட, அவ்வாற்றல் புற்றணுக்களைத் தாக்குகிறது. மிக அரிதாக, அதே கிருமி விரையை அடைந்து அழற்சியை உண்டாக்குகிறது. மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்தும்.

பெரியப்பாவுக்கு அதுவே நேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என்னிடம் பேருந்தேறி வந்தவர், “இடுப்புக்குக் கீழே கொஞ்சம் சௌகரியமில்லை” என்றார். மருத்துவர் ஒருவரிடமும் அவ்வளவே சொல்லியிருந்தார். வலி மாத்திரை கிடைத்தது. பெரியம்மாவுக்கும் தெரியாது. மூன்று வாரம் கழிந்தது. நடை மாறியதைக் கண்டு விடாமல் கேட்டபோதுதான், “விதை வீங்கியிருக்குப்பா. தமிழ் வாத்தியார்கிட்ட இதை எப்படிச் சொல்றது?” என்றார்.

சிறுநீரக மருத்துவரிடம் பி.சி.ஜி. செலுத்திய செய்தி உட்பட அனைத்தையும் சொன்னோம். அதுவே திறவுகோலாயிற்று. வீக்கத்தை மட்டும் பார்த்தால் சாதாரணத் தொற்றென்றோ விரைப் புற்றென்றோ மயங்க இடமுண்டு. விரையை அகற்றியபின், திசு ஆய்வில் உண்மை தெரிந்த நேர்வுகளும் மருத்துவ ஏடுகளில் உள. ஸ்கேனுக்கும் பிற சோதனைகளுக்கும் பின் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் முதலிய காசநோய் மருந்துகளைத் தொடங்கினர். பைரசினமைடு மட்டும் இக்கிருமிக்கு இயல்பிலேயே கேட்பதில்லை. சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. பி.சி.ஜி. நிறுத்தப்பட்டது, புற்று திரும்புகிறதா என்று உள்நோக்கிக் கருவியால் அவ்வப்போது பார்த்து வருகிறார்கள்.

இடக்கரடக்கல் அவைக்கு உரியது. மருத்துவர் அறை அவையன்று. பி.சி.ஜி. செலுத்திக்கொண்டவர்கள், எத்தனை ஆண்டு கழிந்தாலும், எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதை முதலில் சொல்வது நல்லது. வீட்டுப் பெரியவர் ‘கொஞ்சம் சௌகரியமில்லை’ என்றால், எங்கே என்று கேட்டுவிடுங்கள்.