எங்களைக் கேட்டாங்களா?

நாவலூரில் எங்கள் வீடு ஆறாவது மாடியில் இருக்கிறது. 2019-ல் வாங்கினேன். பால்கனியில் நின்றால் பின்பக்கம் ஒரு காலி நிலம் தெரியும். மழை விட்டு ஒரு மாதம் வரைக்கும் அங்கே கொக்குகள் நிற்கும். வீட்டைக் காட்ட வந்த விற்பனைப் பையன், “இந்த வியூ எப்பவும் இருக்கும் சார்” என்றான். அதை அவன் எந்த அதிகாரத்தில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

2024-ன் நடுவில் அந்த நிலத்தைச் சுற்றித் தகர வேலி போட்டார்கள். புதுக் குடியிருப்பு வரப்போகிறது என்று வாட்ச்மேன் சொன்னார். எங்கள் வாட்ஸாப் குழு கொதித்தது. “நம்மகிட்ட யாருமே கேக்கலையே” என்று ஒருவர் எழுத, வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. முந்தைய வருட டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தரைக்கீழ் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறி, என் கார் உட்பட நிறைய வண்டிகள் நாசமாகியிருந்தன. இன்னும் ஒரு கட்டடம் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் பொய்யில்லை. வியூ போய்விடுமே என்ற கவலையும் அதற்குள் ஒளிந்திருந்தது.

யார் கேட்டிருக்க வேண்டும், எங்கே போய் ஆட்சேபிக்கலாம் என்று தேடும் வேலை என்னிடம் வந்தது. நான் பிழை தேடிச் சம்பாதிப்பவன். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கிடைத்த பதில் எளிமையானது. ஒரு ஊரில் அனல்மின் நிலையம் வருவதென்றால் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும், ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் குடியிருப்புக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அதாவது எங்களைக் கேட்காததில் சட்ட மீறல் எதுவும் இல்லை.

கேட்கும் இடம் வேறொன்று உண்டு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பெருந்திட்டத்தின் வரைவை வெளியிட்ட பிறகு குறைந்தது இரண்டு மாதம் எழுத்துப்பூர்வமான ஆட்சேபனைகளைப் பெற வேண்டும் என்கிறது. எது வீடு, எது வயல், எது தொழிற்சாலை என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. சென்னையின் இரண்டாம் பெருந்திட்டம் 2008-ல் ஒப்புதல் பெற்றது. அதன் எல்லை எங்கள் பக்கத்து ஊரான செம்மஞ்சேரியோடு நின்றுவிட்டது. 2022 அக்டோபரில் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் பெருந்திட்டத்தின் தொலைநோக்கு ஆவணத்துக்காக மக்களிடம் கருத்தும் கேட்டார்கள். நான் அப்போது எதுவும் சொல்லவில்லை. வேலி போட்ட பிறகுதான் எனக்குக் கருத்து வந்தது.

இருபது வருடத் திட்டத்துக்கு இரண்டு மாத அவகாசம். அந்த இரண்டு மாதத்தில் யார் ஊரில் இருக்கிறார்களோ, அதில் யாருக்கு வரைபடம் படிக்கத் தெரியுமோ அவர்கள்தான் நடைமுறையில் ‘பொதுமக்கள்’.

மிச்சமிருந்தது கிராம சபை. ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மறந்துபோகும், நாவலூர் ஒரு ஊராட்சி. 2024 அக்டோபர் 2 அன்று மனுவை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் குடியிருப்பிலிருந்து மூன்று பேர். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரும்பாலும் பெண்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்குச் சம்பளப் பாக்கி பெரிய விஷயமாக இருந்தது.

என் முறை வந்தபோது நீர்வழி, நிலப்பயன்பாடு என்று தயாரித்ததை எல்லாம் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி எந்த பில்டிங்கு?” என்றார். சொன்னேன்.

“அது கட்டறப்போ எங்களைக் கேட்டாங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புவதுபோல் இருந்தது. பிறகு, “உங்க ஜெனரேட்டர் ஓடுதில்ல, அங்கதான் வாய்க்கா போச்சு. ஏரி கலங்கல்லேர்ந்து வரும். நாங்க அதுல மீன் புடிச்சிருக்கோம்” என்றார்.

அன்றிரவு அரசின் நில ஆவணத் தளத்தில் எங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தை இறக்கினேன். முதலில் பின்னால் இருக்கும் நிலத்தின் படத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எங்களுடையதை அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை. ஓரத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் சேர்ந்தே போயின. ‘அ’ பதிவேட்டில் அந்த உட்பிரிவுக்கு நேராக ‘வாய்க்கால்’ என்று இருந்தது. எங்கள் மதில் சுவர் அதைக் குறுக்காக வெட்டிக்கொண்டு நிற்கிறது. மிக்ஜாமின்போது தண்ணீர் எங்களைத் தேடி வரவில்லை. தன் பழைய வழியில் போயிருக்கிறது, நாங்கள்தான் அங்கே கார் நிறுத்தியிருந்தோம்.

மனுவைத் திருத்தினேன். புதுக் கட்டடம் வரக்கூடாது என்பதை எடுத்துவிட்டேன். வீடு தேடி வருகிறவர்களை வராதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நானும் அப்படி வந்தவன்தான். அந்த வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும், புது மனையிலும் எங்கள் மனையிலும் அதைத் திறந்துவிட வேண்டும், மூன்றாம் பெருந்திட்டத்தின் வரைபடத்தில் அது இடம்பெற வேண்டும் என்று எழுதினேன்.

சங்கக் கூட்டத்தில் வாசித்தபோது யாரும் பேசவில்லை. கடைசியில் செயலாளர், “நாமளே நம்மளப் பத்தி எழுதிக் குடுத்தா ரீசேல் வேல்யூ என்ன ஆகும் சார்?” என்றார். நியாயமான கேள்வி. என் கடனே இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. நூற்றிருபது வீடுகளில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் மனைவி எட்டாவது, ஒருநாள் யோசித்துவிட்டு.

மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். இதுவரை பதில் இல்லை. பின்னால் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். பெருந்திட்ட வரைவு வரும்போது அந்த இரண்டு மாதத்தைத் தவறவிடக்கூடாது என்று காலண்டரில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். தேதி தெரியாததால் மாதம் ஒருமுறை அடிக்கிறது.

அந்தப் பெரியவரை டீக்கடையில் ஒருமுறை பார்த்தேன். வாய்க்கால் எங்கிருந்து எங்கே போனது என்று ஒருநாள் நடந்து காட்டுவீர்களா என்று கேட்டேன். “முட்டி வலி தம்பி. மழைக்கு முன்னாடி வா, மெதுவாப் போலாம்” என்றார்.