எட்டு வேண்டாம், ஐந்து கொடு

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சி மொழி நடத்துகிறவன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. இதே கூத்து தமிழ்நாட்டில் எத்தனையோ லேப்களில் நடந்ததுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்ள நான் இதை எழுதவில்லை. புதுக் கணினிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் காலாவதியான ஒரு டாஸ் கணினியை எமுலேட்டரில் எழுப்பி, அதற்குள் டர்போ சி பிளஸ் பிளஸ் 3.0-ஐ ஓட்டி, இதுதான் சி என்று பிள்ளைகளை நம்பவைத்தவன் நான்.

விண்டோஸ் எக்ஸ்பி இருந்தவரை இதில் பெரிய குற்றமில்லை. 32 பிட் விண்டோஸில் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் வசதி உள்ளேயே இருந்தது. 64 பிட் விண்டோஸ் 7 லேபுக்கு வந்ததும் டர்போ சி திறக்க மறுத்தது. அது மைக்ரோசாஃப்ட் செய்த அடம் மட்டுமல்ல. பிராசசர் 64 பிட் முறையில் ஓடும்போது, தன்னையே பழைய 8086 போலக் காட்டிக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. கம்பைலரை மாற்றிவிட அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. மாற்றாமல் இருக்க வழி தேடினேன். டாஸ்பாக்ஸ் கிடைத்தது.

2002-இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. டாஸ் கால விளையாட்டுகளை ஆட முடியாமல் தவித்தவர்களுக்காக எழுதப்பட்டது. பிராசசர், விஜிஏ கார்டு, சவுண்ட் பிளாஸ்டர், ஏன் டாஸையே கூட அது தானே நடித்துக் காட்டும். நான் அதன் செட்டிங் கோப்பின் கடைசியில் நாலு வரி எழுதிவைத்தேன்: சி டிரைவை மவுண்ட் செய், டர்போ சி ஃபோல்டருக்குப் போ, திற. சி டிரைவை அப்படி முழுசாக மவுண்ட் செய்வது நல்லதல்ல, அடுத்த முறை ஒரு ஃபோல்டரை மட்டும் கொடு என்று டாஸ்பாக்ஸே எச்சரிக்கை காட்டும். தினமும் காலையில் எல்லாத் திரைகளிலும் அந்த வரி ஓடி மறையும். பிறகு டர்போ சியின் நீலத் திரை வரும், லேப் தொடங்கும்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. வீட்டில் இரவில் என் பொழுதுபோக்கே இதுதான். 86பாக்ஸ் என்ற எமுலேட்டரில் பழைய மதர்போர்டு, பழைய பயாஸ், பழைய வீடியோ கார்டு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து விண்டோஸ் 95 நிறுவுவேன். பிரையன் ஈனோ போட்ட அந்தத் தொடக்க இசை கேட்டதும் வரும் சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. விண்டோஸ் 95-ஐ வர்ச்சுவல் மெஷினில் இன்றைய பிராசசரின் முழு வேகத்தில் ஓட்டினால் பல சமயம் தொடங்கும்போதே படுத்துவிடும். அதன் நெட்வொர்க் பகுதி, ஒரு சின்ன லூப் ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து அந்த நேரத்தால் வகுக்கிறது. பிராசசர் 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அளந்த நேரம் பூஜ்யமாகிவிடும், பூஜ்யத்தால் வகுக்கப்போய் எல்லாம் நின்றுவிடும். அந்தக் கால மென்பொருள் அந்தக் காலக் கணினியை நம்பி எழுதப்பட்டது, அதை இன்றைக்குப் பாடமாக வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? இரவில் இதையெல்லாம் ரசித்துப் படித்துவிட்டு, காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு லேபுக்குப் போய் அதையே பாடமாக நடத்தினேன்.

ஒரு முதலாமாண்டு மாணவி. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பெண், கவனமானவள். ஃபேக்டோரியல் புரோகிராமுக்கு எட்டு என்று உள்ளீடு கொடுத்தாள். டர்போ சி மைனஸ் 25216 என்றது. அன்று மாலை போனில் ஏதோ ஒரு கம்பைலர் செயலியில் அதே புரோகிராமை அடித்துப் பார்த்திருக்கிறாள். 40320 என்று சரியாக வந்திருக்கிறது. மறுநாள் வந்து நின்றாள்.

"சார், போன்ல சரியா வருது, லேப்ல தப்பா வருது. புரோகிராம் ஒண்ணுதான் சார்."

நல்ல ஆசிரியர் ஒருவருக்கு அந்த வருடம் முழுக்கக் கிடைத்திருக்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி அது. டர்போ சியில் இன்ட் என்பது 16 பிட், 32767-க்கு மேல் அதற்குக் கொள்ளாது, 40320 வழிந்து, 65536 கழிந்து, மைனஸ் 25216 ஆகிறது. உன் போனில் 32 பிட், அதனால் கொள்கிறது. கரும்பலகையில் ஐந்து நிமிட வேலை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்: அப்படியென்றால் நாம் ஏன் சார் இதில் படிக்கிறோம்? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"போன்ல ஓடறதையெல்லாம் நம்பாதம்மா. எட்டு வேண்டாம், அஞ்சு குடுத்துப் பாரு" என்றேன். 120 வந்தது. எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

செலவைக் காரணம் காட்டவும் முடியாது. ஜிசிசி கம்பைலர் 1987 முதல் இலவசம். அதைவிட வெட்கக்கேடு, அதே லேபில், அதே கணினிகளில் லினக்ஸும் இருந்தது. எங்கள் வகுப்பு முடிந்து அடுத்த மணி அடித்தால் மூன்றாமாண்டு மாணவர்கள் வந்து ரீஸ்டார்ட் செய்து, ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபுக்காக ஜிசிசியில்தான் கம்பைல் செய்வார்கள். நாங்கள் பென்டிரைவில் நகலெடுத்து நகலெடுத்து வைத்திருந்த டர்போ சிக்கு யாரும் பணம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் ஏன் மாற்றவில்லை? பயம். ஒரு விடுமுறையில் யாருக்கும் சொல்லாமல் என் லேப் மேனுவலில் இருந்த புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டிப் பார்த்தேன். கோனியோ.எச் இல்லை என்றது, அது எதிர்பார்த்ததுதான். வாய்டு மெயின் என்றால் முறைத்தது, கெட்ஸ் ஆபத்தானது என்று திட்டியது. போகட்டும். மாணவர் விவரங்களை வாங்கிக் காட்டும் புரோகிராம் ஒன்று, நானே எழுதியது, நோட்ஸாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தது. ஓடியது, பெயரைக் கேட்டது. பெயரை அடித்து என்டர் தட்டியதும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தது. உட்கார்ந்து பார்த்தேன். பெயருக்கு ஒரு பாயின்டரை மட்டும் அறிவித்திருக்கிறேன். அந்தப் பாயின்டருக்கு நினைவகத்தில் இடமே ஒதுக்கவில்லை. டாஸில் ஒரு புரோகிராம் நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், தடுக்க ஆளில்லை. கதவே இல்லாத வீட்டில் யார் பூட்டை உடைத்தது என்று தேட முடியாது. சில சமயம் வெளியேறும்போது 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று டர்போ சி முனகும். அதைக் கண்டுகொள்ளாதீர்கள், அவுட்புட் வந்ததல்லவா என்று நான்தான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

பாயின்டர் நடத்துகிற ஆள் நான். எனக்கே பாயின்டர் சரியாகத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜிசிசிக்கு மாறினால் இது வகுப்பில், அறுபது பேர் முன்னால் தெரியவரும். லேப்டாப்பை மூடினேன். டாஸ்பாக்ஸே நல்லது என்று முடிவு செய்தேன்.

சி பிளஸ் பிளஸ் பாடத்தில் செய்தது இதைவிட மோசம். சிலபஸில் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லிங் உண்டு. டர்போ சி பிளஸ் பிளஸ் 3.0-க்கு டிரை, கேட்ச் என்றால் என்னவென்றே தெரியாது. 1998-இல் அந்த மொழிக்குத் தரநிலை வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே நின்றுபோன கம்பைலர் அது. அதனால் அந்த ஒரு சோதனையை மட்டும் பிள்ளைகள் கணினியில் ஓட்டாமலே ரெக்கார்டு நோட்டில் புரோகிராமும் எழுதி, அவுட்புட்டும் பென்சிலில் எழுதிவிடுவார்கள். ஓடாத புரோகிராமின் அவுட்புட்டுக்குக் கீழே நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான். பிளேஸ்மென்ட் ஆன்லைன் தேர்வுக்கு இடையில் ஒரு பையன் வெளியே வந்து எனக்கு போன் செய்தான். "சார், ஐயோஸ்ட்ரீம்.எச் இல்லைங்குது சார், நான் எழுதின எதுவுமே ஏறமாட்டேங்குது." ஹெடர் பெயரில் அந்த எச்சை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் நேம்ஸ்பேஸ் வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் எனக்கே அது சட்டென்று வாயில் வரவில்லை. பதறாமல் எழுதுப்பா என்றேன்.

இப்போது எங்கள் முதலாமாண்டு லேபில் ஜிசிசிதான். நான் மாற்றியதல்ல. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியை ஒருவர் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து மேனுவலைத் திருத்தினார். இடம் ஒதுக்காத என் பாயின்டரையும் அவர்தான் சரிசெய்தார், அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. துறைக் கூட்டத்தில் எச்.ஓ.டி. பாராட்டியபோது, "நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்ததுதான் சார்" என்று இடையில் புகுந்தேன். அந்த உதவிப் பேராசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

கிராஃபிக்ஸ் லேப் மட்டும் இன்னும் என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே இன்றும் டாஸ்பாக்ஸ் ஓடுகிறது. 640-க்கு 480 திரையில் பதினாறு வண்ணங்களில் ஒரு கார் நகர்கிறது. வெற்று லூப் போட்டு நேரம் கடத்தும் புரோகிராம் என்பதால் ஒரு கணினியில் பறக்கும், இன்னொன்றில் ஊரும். கன்ட்ரோலும் எஃப்11-உம் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கார் ஏன் பறக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

திருத்திய மேனுவலில் ஃபேக்டோரியலுக்கு மாதிரி உள்ளீடு இன்னும் ஐந்துதான். அந்தப் பக்கம் நான் எழுதியது, அதில் பிழை இல்லாததால் அந்த உதவிப் பேராசிரியை தொடவில்லை. ஜிசிசியில் இன்ட் 12 வரை தாங்கும். 13 கொடுத்தால் 1932053504 வரும். மைனஸ் குறி இல்லாமல், பெரிய எண்ணாக, பார்த்தால் சரிபோலவே இருக்கும். அதுவும் தப்பு. இதை நான் இதுவரை எந்த வகுப்பிலும் போட்டுக் காட்டவில்லை.