கருப்பி வயிற்றில் கோடி உயிர்கள்



எங்கள் வீட்டில் நாலு வெள்ளாடு. குட்டி விற்றுத்தான் அம்மா மகளிர் குழுக் கடன் கட்டுவார். தை மாசம் கல்யாண வீட்டில் கொட்டிய சோற்றைக் கருப்பி வயிறு முட்டத் தின்றுவிட்டது. மறுநாள் அசை போடவே இல்லை. பல்லை நறநறன்னு கடித்தது. சினை ஆடு வேற. அம்மா அன்னைக்குச் சாப்பிடவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து ஊசி போட்டு, ஆப்பசோடா கரைத்துக் கொடுத்தார். ஆட்டுக்கு வயிற்றில் நாலு அறை. முதல் அறையில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் இலைதழையைச் செரிக்க வைக்கின்றன. சோறு அதிகமானால் உள்ளே புளித்து அமிலமாகி, நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகுமாம். அதனால் ஈஸ்ட் கலந்த புரோபயாடிக் பொடியை அஞ்சு நாள் கொடுக்கச் சொன்னார். உயிருள்ள பொடி, சுடுதண்ணியில் கலக்கக் கூடாது.

அப்பத்தா சிரித்தது. "நாங்க அப்பவே நல்ல ஆட்டு வாயில அசைபோடுற இரையை எடுத்து சீக்கு ஆட்டுக்கு ஊட்டுவோம்ல!"

"அதுவும் இதே வேலைதான் பாட்டி" என்றார் டாக்டர்.

மூணாம் நாள் கருப்பி அசை போட்டது. மாசி கடைசியில் ரெண்டு குட்டி போட்டது.

நண்பர்களே, பொடி இருக்கிறதென்று ஆட்டுக்குச் சோற்றை அள்ளிப் போடாதீர்கள். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றைக் குழி தோண்டி மூடச் சொல்லுங்கள். ஒரு ஆட்டை நம்பி ஒரு வீடு இருக்கும்.