உடல் இளைத்தது, தோல் இளைக்கவில்லை



எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு நிழற்படங்களைக் காட்டுவர். ஒன்று சிகிச்சைக்கு முன், மற்றொன்று சிகிச்சைக்குப் பின். ஆடைக்குள் மறைந்திருக்கும் தளர்ந்த தோலைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அதைப் பற்றியே இன்று எழுத விழைகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் எடை 112 கிலோகிராம். நீரிழிவும் முழங்கால் வலியும் உடன் சேர்ந்துகொண்டன. மருத்துவரின் பரிந்துரைப்படி, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை அகற்றும் அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டேன். ஒன்றரை ஆண்டில் எடை 71 கிலோகிராமுக்கு இறங்கியது. மாத்திரைகள் குறைந்தன. மாடி வகுப்பறைக்கு மூச்சிரைக்காமல் ஏறினேன். ஆனால் வயிற்றிலும் மேற்கைகளிலும் தொடைகளிலும் தோல் மடிந்து தொங்கியது.

இஃது என் ஒருத்திக்கு மட்டும் உரிய நிலையன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஆசிய மக்களுக்கு உடல் எடைக் குறியீடு 27.5ஐ எட்டினாலே இச்சிகிச்சையை வழங்கலாம் என்று 2022இல் அனைத்துலக மருத்துவச் சங்கங்கள் அறிவுறுத்தின. ஆகவே, நம்மில் இன்னும் பலர் இவ்வழியில் செல்லக்கூடும்.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். இழுத்தால் மீண்டும் சுருங்கும் தன்மையைத் தருவது எலாஸ்டின். பல ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில் இவ்விழைகள் சிதைந்துவிடுகின்றன. அதன் பின் எந்தக் களிம்பாலும் அவற்றை முன்போல் ஆக்க இயலாது. உடற்பயிற்சியும் தொங்கும் தோலை அகற்றாது. இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். "இவ்வளவு நடந்தும் தோல் சுருங்கவில்லையே" என்று மனமுடைந்து பயிற்சியையே கைவிட்ட ஒரு தோழியை நான் அறிவேன்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? எடை விரைந்து குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசையைக் காப்பாற்றினால்தான் வலிமை நிற்கும். குறைந்த எடையும் எளிதில் திரும்பாது. தசை வளர்ந்தால் தோலின் தொய்வும் சிறிதளவு நிறைந்து தெரியும்.

தொடக்க வாரங்களில் நடை மட்டுமே. பாரம் தூக்க மருத்துவர் அனுமதிக்கும்வரை காத்திருந்தேன். இப்போது மாலைகளில் தாவரவியல் பூங்காவில் நடக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் சுவரில் கையூன்றித் தள்ளுவேன். நாற்காலியில் அமர்ந்து எழுவேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குவேன். மீன், முட்டை, பருப்பு எனப் புரதத்தை முதலில் உண்பேன். வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தியதில்லை.

நம் பினாங்கின் புழுக்கத்தில் தோல் மடிப்புகளுக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாகும். குளித்தபின் மென்மையாக ஒற்றி உலர்த்தி, மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைத்துக்கொள்வேன். நடக்கும்போது உடலோடு ஒட்டிய உள்ளாடை தோல் உராய்வதைக் குறைக்கிறது. சிவப்போ துர்நாற்றமோ கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மிகுதியான தோலை அகற்றத் தனி அறுவைச் சிகிச்சை உண்டு. எடை பல மாதங்கள் நிலையாக நின்ற பின்னரே அதைச் செய்வர். நீண்ட தழும்புகளும் எஞ்சும். தேவைப்படுவோர் அதனைச் செய்துகொள்வதை வீண் அலங்காரம் என்று எவரும் பழிக்கலாகாது. என்னிடமுள்ள பணம் இப்போது மகளின் மேற்படிப்புக்குத் தேவைப்படுகிறது. ஆகவே, இந்தத் தோலோடுதான் வாழ்கிறேன். சென்ற தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை ஆலயத்தின் 513 படிகளையும் இதே தோலோடு ஏறினேன்.

ஒரு நாள் வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், உங்க கை ஏன் ஆடுது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "முன்பு நான் மிகவும் பருமனாக இருந்தேன். உடல் இளைத்துவிட்டது, தோல் அப்படியே இருக்கிறது" என்றேன். கடைசி வரிசையில் இருந்த பருமனான மாணவன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. மணியடித்த பின் அருகில் வந்து, "உங்களையும் எல்லாரும் கிண்டல் பண்ணாங்களா, டீச்சர்?" என்று மெல்லக் கேட்டான். ஆம் என்றேன். அடுத்த வாரம் உடற்கல்விப் பாடத்தில், வழக்கமாக ஓரமாய் அமர்ந்துவிடும் அவன், திடலில் ஒரு சுற்று நடந்தான்.

ஆசிரியர்களே, செகாக் சோதனைக்காக மாணவர்களின் எடையை அளக்கும்போது அவ்வெண்ணைப் பிறர் செவிபடக் கூறாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளையைக் "குண்டு" என்று செல்லமாகக்கூட அழைக்காதீர்கள். மாறாக, மாலையில் அவர்களோடு சேர்ந்து நடந்து செல்லுங்கள். தன் உடலைக் கண்டு கூசும் பிள்ளை திடலுக்கு வரத் தயங்கும். அப்பிள்ளையைத் திடலுக்கு அழைத்து வருவது நம் கடமை.