மாண்டவி நதிக்கரையில் ஒரு பகல்

நகரங்களுக்கும் ஆயுள் உண்டு. போரினால் அழிந்த நகரங்களையும், ஆறு திசை மாறியதால் கைவிடப்பட்ட நகரங்களையும் வரலாற்றில் படித்திருக்கிறோம். குடிக்கும் தண்ணீர் கெட்டதனால் மெல்ல மெல்ல மடிந்த மாநகரம் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அதுவே பழைய கோவா.

மும்பையிலிருந்து கொங்கண் இருப்புப்பாதை வழியாகத் தெற்கே திரும்பிக்கொண்டிருந்த நாம், இடையில் ஒரு பகற்பொழுதை இந்நகரைக் காண ஒதுக்கினோம். கர்மாலி என்னும் சிறு நிலையம் பழைய கோவாவுக்கு மிக அண்மையில் இருக்கிறது. காலையில் இறங்கி மாலையில் வண்டியேற எண்ணுவோர்க்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

பயணத்தை நதித்துறையில் தொடங்குவதே முறை. முற்காலத்தில் அனைவரும் மாண்டவி நதி வழியாகவே இந்நகருக்குள் வந்தனர். 1510ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், புனித கத்தரீனம்மாள் திருநாளன்று, அல்புகர்க் என்னும் போர்த்துக்கேயத் தளபதி பீசப்பூர் சுல்தானிடமிருந்து இந்நகரைக் கைப்பற்றினார். 1530 முதல் கீழைநாடுகளில் போர்த்துக்கேய ஆட்சிக்கு இதுவே தலைநகராயிற்று. லிஸ்பனிலிருந்து வந்த ஒவ்வோர் அரசப் பிரதிநிதியும் துறையருகே நிற்கும் கல் வளைவின் கீழ் நடந்தே நகருக்குள் நுழைவார். வளைவின் மேல் வாஸ்கோ ட காமாவின் சிலை உள்ளது. இன்று நாம் பார்ப்பது 1954இல் திருப்பிக் கட்டப்பெற்ற வளைவு. அதன் அருகிலிருந்து திவார் தீவுக்குப் படகு செல்கிறது.

வளைவைக் கடந்தால் அகன்ற கடைத்தெரு ஒன்று அக்காலத்தில் இருந்தது. பட்டும் பொன்னும் அரபுக் குதிரைகளும் அங்கே விற்பனையாயின. மனிதரையும் அடிமைகளாக அங்கே விற்றனர் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்நாளில் நகரத்தின் மக்கள்தொகை 2 லட்சம் இருக்கலாம் எனச் சிலர் மதிப்பிடுகின்றனர். இன்று அவ்விடத்தில் தென்னைகளும் புல்வெளியும் அமைதியும் தவிர வேறொன்றும் இல்லை. கோவில்கள் நிற்கின்றன, வீடுகளைக் காணோம். முதல் முறை வருவோரைத் திகைக்கச் செய்வது இதுவே.

வழியில் முதலில் வருவது புனித கயெத்தான் ஆலயம். இத்தாலியத் துறவியர் உரோமை புனித பேதுரு பேராலயத்தைப் பின்பற்றி 17ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டினர். இதன் குவிமாடத்தின் நேர்கீழே, மேடையால் மூடப்பட்ட கிணறு ஒன்று இருக்கிறது. ஆலயத்தின் நடுவில் கிணறா என்று வியந்து நின்றோம். இந்நகரின் கதை முழுவதையும் தண்ணீரே எழுதியது என்று அப்போது நாம் எண்ணவில்லை.

அடுத்தது புனித கத்தரீனம்மாள் பேராலயம். 1562இல் தொடங்கிய கட்டட வேலை 1619இல்தான் நிறைவெய்தியது. நீளம் 76 மீட்டர், அகலம் 55 மீட்டர். முகப்பின் இரு கோபுரங்களில் ஒன்று 1776இல் இடிந்து விழுந்தது, மீண்டும் கட்டப்படவில்லை. எஞ்சிய கோபுரத்தில் ‘பொன் மணி’ என்று பெயர் பெற்ற பெரிய மணி தொங்குகிறது. இப்பேராலயத்தின் அருகில்தான் 1560இல் தொடங்கி 1812இல் ஒழிக்கப்பட்ட சமய விசாரணை மன்றத்தின் மாளிகையும் இருந்தது. மாளிகையின் சுவடுகூட இன்று இல்லை. ஆயினும் அங்கே துன்புற்றோரை நினைத்து ஒரு கணம் மௌனமாக நிற்பது கிறிஸ்தவர்க்குத் தகும்.

சற்றுத் தொலைவில் புனித பவுல் கல்லூரியின் முகப்பு வாயில் தனியே நிற்கிறது. தமிழர் இதைக் காணாமல் திரும்பலாகாது. இந்தியாவின் முதல் அச்சு இயந்திரம் 1556இல் இக்கல்லூரியில்தான் நிறுவப்பட்டது. 1577இல் தமிழ் எழுத்துகள் கோவாவில் வார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு, அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது. நம் மொழி அச்சு உலகில் அடியெடுத்து வைத்த வழி இவ்வாயிலினூடே சென்றது எனலாம். அத்தகைய கல்லூரியும் நிலைக்கவில்லை. நோய்க்கு அஞ்சிய இயேசு சபையார் அதனைக் குன்றின் மேல் வேறோர் இடத்துக்கு மாற்ற நேர்ந்தது.

அந்நோய் எங்கிருந்து வந்தது? இவ்வூர் நிலம் செம்பூரான்கல் நிலம். தண்ணீரை எளிதில் உறிஞ்சுவது. மக்கள் நெருங்கி வாழ்ந்த நகரில் சாக்கடை வசதி போதவில்லை. வீட்டுக் கழிவு நிலத்தில் இறங்கிக் கிணற்று ஊற்றோடு கலந்தது. 1543இலேயே வாந்திபேதி பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது. பின்னர் காய்ச்சல்களும் மீண்டும் மீண்டும் வந்தன. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என அக்காலத்தவர் நம்பினர். பீடங்களுக்குப் பொன் பூசிய கைகளுக்குக் கிணற்றைக் காக்கும் வழி தெரியவில்லை. 1759இல் அரசப் பிரதிநிதி பஞ்சிமில் குடியேறினார். 1843இல் அதுவே தலைநகராயிற்று. புதிய ஊரைக் கட்டப் பழைய ஊரின் கற்களையே எடுத்துச் சென்றனர்.

உச்சிவேளை தாண்டிப் புனித அகுஸ்தீனார் ஆலயம் இருந்த குன்றின் மேல் ஏறினோம். துறவற சபைகள் கலைக்கப்பட்ட பின், 1835இல் இவ்வாலயம் கைவிடப்பட்டது; 1842இல் மேற்கூரை சரிந்தது. 46 மீட்டர் உயர்ந்த கோபுரத்தின் ஒரு பகுதி மட்டும் வானத்தை நோக்கி நிற்கிறது. பாரசீகத்தில் 1624இல் விசுவாசத்துக்காக உயிர் நீத்த ஜார்ஜிய நாட்டு அரசி கெத்தவானின் எலும்பு இவ்விடிபாடுகளில்தான் அகழ்ந்தெடுக்கப்பட்டது. 2021இல் இந்தியா அத்திருப்பண்டத்தின் ஒரு பகுதியை ஜார்ஜிய மக்களுக்கு அளித்தது.

பகலின் இறுதி வேளையைக் குழந்தை இயேசு பேராலயத்துக்கென வைத்திருந்தோம். 1605இல் அர்ச்சிக்கப்பட்ட இவ்வாலயத்தின் பூச்சு நீங்கிய செம்பூரான்கல் சுவர்கள் மாலை வெயிலில் செந்நிறமாய் ஒளிர்ந்தன. உள்ளே, தொஸ்கானா நாட்டுக் கோமகன் மூன்றாம் கொசிமோ அளித்த சலவைக்கல் மேடையின் மேல், கோவாவின் தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழையில், புனித சவேரியாரின் திருவுடல் இளைப்பாறுகிறது. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மக்கள் அருகில் கண்டு வணங்க இறக்கி வைக்கின்றனர். இறுதியாக அவ்வாறு நடந்தது 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை.

சவேரியார் 1542 மே 6ஆம் நாள் இந்நகரில் வந்திறங்கினார். மாளிகையில் தங்க அவர் விரும்பவில்லை. மருத்துவமனையில் தங்கி நோயாளருக்குப் பணிசெய்தார். சிறையிலிருந்தோரையும் தொழுநோயாளரையும் தேடிச் சென்றார். தெருக்களில் கைமணி அடித்துச் சிறுவரையும் அடிமைகளையும் மறைக்கல்விக்கு அழைத்தார். அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டு, தமிழில் செபங்களைப் பெயர்த்து மனனம் செய்து, கடற்கரை மக்களுக்குக் கற்பித்தார். பொன்னும் பட்டும் விற்ற தெரு புல்லாய்ப் போயிற்று. நோயாளரின் அருகில் நின்ற அப்பெரியவரைத் தேடி இன்றும் மக்கள் வருகின்றனர். ஆலய வாயிலில் கை, கால், குழந்தை உருவங்களாய் விற்கும் மெழுகுக் காணிக்கைகளே அதற்குச் சான்று.

மாலை வண்டிக்கு நேரம் ஆகிவிட்டது. நம் மனத்தில் தங்கியவை கயெத்தான் ஆலயத்துக் கிணறும், சவேரியாரின் கைமணியுமே. நம் பங்குகளிலும் புதிய கோவில் எழுப்பவும் கோபுரம் உயர்த்தவும் ஆர்வத்துடன் பொருள் திரட்டுகிறோம். நல்ல காரியமே. அத்துடன் ஊர்க் கிணறு தூய்மையாக இருக்கிறதா, ஏழையின் தெருவில் சாக்கடை வழிந்தோடுகிறதா என்றும் கவலைப்படுவோமாக. அக்கவலை இன்றிக் கட்டிய நகரம் எப்படி முடியும் என்பதைக் காண விரும்புவோர், ஒரு பகல் பழைய கோவாவில் இறங்கிச் செல்லட்டும்.